‘ஒக்சிஜன் நொட் இன்குளூடட்’: கொழும்பு விளையாட்டாளர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டுச் சாமான் பெட்டிகளின் ஓரத்தில் ‘மின்கலம் உள்ளடக்கப்படவில்லை’ என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதே தொனியில் ‘ஒட்சிசன் உள்ளடக்கப்படவில்லை’ என்று பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்ட கணினி விளையாட்டுத்தான் ‘ஒக்சிஜன் நொட் இன்குளூடட்’. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று கொழும்பிலும் அதன் அயலிலும் சிதறியிருக்கும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சில ஆண்டுகளாக இதை ஆடி வருகிறோம். ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய விளையாட்டு என்பதால் நாங்கள் சேர்ந்து ஆடுவதில்லை; சேர்ந்து புலம்புவதுதான் வழக்கம். புதிதாக வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, எங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளை மறைக்காமல் இங்கே விடை எழுதியிருக்கிறேன். தீர்ப்புகள் பெரும்பாலும் என்னுடையவை.

இது எந்த மாதிரியான விளையாட்டு?

சிறுகோள் ஒன்றின் வயிற்றுக்குள் மூன்று பேர் விழித்தெழுகிறார்கள். அவர்களைச் சுற்றி ஒரு சிறிய குகையளவு காற்றும், கொஞ்சம் தண்ணீரும், நாலாபக்கமும் மண்ணும் பாறையும் இருக்கின்றன. தோண்டுவது, குழாய் போடுவது, கம்பி இழுப்பது, பயிரிடுவது, சமைப்பது, கழிப்பறை கட்டுவது எல்லாவற்றையும் நீங்கள் கட்டளையிட, அவர்கள் தங்கள் வசதிப்படி செய்வார்கள். மூன்று சுற்றுகளுக்கு ஒரு தடவை புதிய ஆள் ஒருவரையோ ஒரு பொருளையோ ஓர் அச்சியந்திரம் உங்களுக்குத் தர முன்வரும். ஒரு சுற்று என்பது விளையாட்டின் ஒரு நாள். சாதாரண வேகத்தில் 600 செக்கன்கள், அதாவது பத்து நிமிடங்கள்.

இதை உருவாக்கியது கனடாவின் வான்கூவரில் இயங்கும் கிளேய் என்டர்டெயின்மென்ட். 2017 இல் முன்னோட்டப் பதிப்பாக வெளிவந்து, 2019 ஜூலை 30 இல் முழுமையான விளையாட்டாக வெளியானது. இதிலுள்ள மனிதர்களுக்கு ‘டூப்ளிகண்ட்’ என்று பெயர். ஆடுகிறவர்கள் அதை ‘டூப்’ என்று சுருக்கிவிட்டார்கள். தமிழ்ப் படங்களில் நாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவரையும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம் என்பதால் அந்தப் பெயர் எங்கள் நாவில் சுலபமாக ஒட்டிக்கொண்டது. இரண்டு இடத்திலும் அடி வாங்குவது அவர்கள்தான்.

மிகவும் கடினமான விளையாட்டு என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. ஆனால் எந்த வகையில் கடினம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். விரல் வேகம் இதற்குத் தேவையில்லை. எந்தக் கணத்திலும் ஆட்டத்தை நிறுத்திவைத்து, தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஆற அமர யோசித்துக் கட்டளையிடலாம். எதிரி என்று சொல்லத்தக்க எவரும் இல்லை. யாரும் படையெடுத்து வருவதுமில்லை. நீங்கள் கட்டியதே உங்களைக் கொல்கிறது.

எங்கள் வட்டத்தில் இந்த விளையாட்டைப் போற்றுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் சொல்வதை நீண்ட காலமாகக் கேட்டு வந்ததில், இரு சாராரும் ஒரே விடயத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பிழை செய்யும் நேரத்துக்கும் அதற்கான தண்டனை வந்துசேரும் நேரத்துக்கும் இடையே இந்த விளையாட்டு வைத்திருக்கும் நீண்ட இடைவெளிதான் அந்த விடயம். பத்தாம் சுற்றில் ஓர் இயந்திரத்தைப் பிழையான இடத்தில் வைக்கிறீர்கள், ஒன்றும் நடப்பதில்லை. இருபதாம் சுற்றிலும் எல்லாம் நன்றாக இருக்கிறது. அறுபதாம் சுற்றில் பயிர் வளர மறுக்கிறது, எழுபதாம் சுற்றில் உணவுப் பெட்டி காலியாகிறது, எண்பதாம் சுற்றில் பசியால் ஒருவர் விழுகிறார். அந்த மரணத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டு எழுபது சுற்றுகள், அதாவது கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியால ஆட்டம், பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. ‘அநியாயம்’ என்று சிலர் சொல்வதும் ‘அற்புதம்’ என்று வேறு சிலர் சொல்வதும் இந்த ஒன்றைத்தான்.

அநியாயம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அழுத்தம், வெப்பநிலை, மின்சுமை, குழாய்களில் ஓடுவது எது என்பவற்றையெல்லாம் எந்நேரமும் பார்க்கக்கூடிய வரைபட அடுக்குகளை விளையாட்டு தந்திருக்கிறது. அது பொய் சொல்வதில்லை. கேட்காமல் எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் கணக்காளராக இருக்கும் நண்பர் இதை ‘ஐந்தொகை விளையாட்டு’ என்று அழைப்பார். கம்பனி ஒன்று வங்குரோத்தாகும் நாளில் எல்லோரும் அதிர்ச்சியடைகிறார்கள், ஆனால் அது மூன்று வருடத்துக்கு முந்திய கணக்கிலேயே எழுதியிருக்கிறது என்பது அவரது வாதம்.

என்னுடைய முதலாவது குடியேற்றம் ஏன் அழிந்தது?

அநேகமாக இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒரு டூப் செக்கனுக்கு 100 கிராம் ஒட்சிசனைச் சுவாசிக்கிறார். ஒரு சுற்றுக்கு 60 கிலோகிராம். ஆரம்பத்தில் கிடைக்கும் ஒட்சிசன் இயந்திரம் அல்காவை, அதாவது பாசியைத் தின்று இயங்குவது. அது செக்கனுக்கு 550 கிராம் அல்காவை எடுத்து 500 கிராம் ஒட்சிசனைத் தருகிறது, அதாவது ஐந்து பேருக்குப் போதும். கணக்கு அழகாக இருப்பதால் எல்லோரும் அதை நம்பியே ஆட்களைச் சேர்க்கிறார்கள். எட்டுப் பேர் ஆனதும் இரண்டாவது இயந்திரத்தை வைக்கிறார்கள். அல்கா என்பது தோண்டி எடுப்பது, தானாக ஊறி வருவதல்ல என்பது அது முடியும் நாளில்தான் உறைக்கிறது.

இரண்டாவது காரணம் காபனீரொட்சைட்டு. டூப்புகள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஒட்சிசனைவிடப் பாரமானது என்பதால் குடியேற்றத்தின் அடித்தளத்தில் குளம்போலத் தேங்கி, ஒவ்வொரு தட்டாக மேலே ஏறுகிறது. நான் என் முதலாவது ஆட்டத்தில் படுக்கையறைகளைத் தரையின் மிகக் கீழே, அமைதியான இடம் என்று எண்ணி அமைத்தேன். நாற்பதாம் சுற்றையொட்டி எல்லோரும் இரவில் மூச்சுக்காக எழுந்து மேலே ஓடத் தொடங்கினார்கள். தூக்கமின்மையால் அவர்களது மன அழுத்தம் ஏறியது. ஒருவர் ஆத்திரத்தில் இயந்திரங்களை உடைக்க, இன்னொருவர் அழுதே தரையை ஈரமாக்கினார். இதில் எந்த இடத்தில் பிழை நடந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கட்டில் போட்ட முதல் நாளே நடந்துவிட்டது.

பரிகாரம் எளிது. ஆட்களைச் சேர்ப்பதில் அவசரப்படாதீர்கள். அச்சியந்திரம் ஆளைத் தர முன்வரும்போது மறுத்துவிடலாம். ஒருவருக்குச் சுற்றொன்றுக்கு 1,000 கிலோகலோரி தேவை, மீல்வுட் செடி ஐந்து வைத்தால் ஒருவருக்குப் போதும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு அருகில் கைகழுவும் தொட்டியை வைக்க மறந்தால் கிருமி உணவுக்குள் போகும். மற்றதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது குடியேற்றங்களில் தாமாகவே வந்துவிடும்.

வெப்பம், வெப்பம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, ஏன்?

பட்டினியும் மூச்சுத்திணறலும் தெரிந்த ஆபத்துகள். இந்த விளையாட்டில் உண்மையில் உயிரை எடுப்பது வெப்பம். ஆடுகிறவர்களின் கருத்துகள் மிகக் கூர்மையாகப் பிரிவதும் இதில்தான்.

அல்கா தீரப்போகிறது என்று தெரிந்ததும் நீரை மின்பகுத்து ஒட்சிசன் எடுக்கும் இயந்திரத்துக்கு மாறுகிறீர்கள். மிகச் சரியான முடிவு. செக்கனுக்கு ஒரு கிலோகிராம் நீரிலிருந்து அது 888 கிராம் ஒட்சிசனையும் 112 கிராம் ஐதரசனையும் பிரித்துத் தரும். எட்டுப் பேர் சுவாசிக்கலாம். ஐதரசனை எரித்து மின்சாரமும் எடுக்கலாம். ஆனால் வெளிவரும் வாயு குறைந்தபட்சம் 70 பாகை செல்சியஸில் இருக்கும். அந்தச் சூடான காற்றைக் குடியேற்றம் முழுவதும் நீங்களே பரப்புகிறீர்கள். மீல்வுட் செடிக்கு 30 பாகைக்கு மேல் ஆகாது. நிலக்கரி மின்பிறப்பாக்கியும் மின்கலமும் வெப்பத்தை விடுகின்றன, அடுப்பும் விடுகிறது. பாறைகள் அதையெல்லாம் பல சுற்றுகளாக உறிஞ்சி வைத்திருப்பதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. 26.1 பாகை, 26.2, 26.3 என்று தசமத்துக்குப் பின்னாலுள்ள இலக்கங்கள் நகர்கின்றன. அந்த இலக்கங்களை எவரும் பார்ப்பதில்லை.

பெரும்பாலானோர் முதலில் செய்வது, பக்கத்திலுள்ள பனிப் பிரதேசத்தின் குளிரைக் கடன் வாங்குவது. குழாயை அங்கே சுற்றிக் கொண்டுவந்தால் ஐம்பது, அறுபது சுற்றுகளுக்குத் தாக்குப்பிடிக்கலாம். பிறகு பனி உருகிவிடும், கடன் முடிந்துவிடும்.

அடுத்ததாக, தண்ணீரைக் குளிராக்கும் அக்குவாட்யூனர் என்ற இயந்திரம் கிடைத்ததும் புதியவர்கள் துள்ளுகிறார்கள். 1,200 வாற்று மின்சாரத்தில், தன் ஊடாகப் போகும் திரவத்தை 14 பாகை குளிர்விக்கிறது. அதைக் குடியேற்றத்தின் நடுவில் வைத்த சில நிமிடங்களில் அது தானே கொதித்து உடைகிறது. இதைப் புரியவைக்க நான் எப்போதும் வெள்ளவத்தையைத்தான் காட்டுவேன். கடற்கரைப் பக்கத்துக் குறுக்குத் தெருக்களில் தொடர்மாடிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் உங்கள் அறையின் ஏசி குளிர்ச்சியை உற்பத்தி செய்வதாக நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். அது உங்கள் அறையின் வெப்பத்தை எடுத்து, வெளிச்சுவரில் தொங்கும் பெட்டி வழியாக எதிர்வீட்டு யன்னலுக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரரும் ஏசி பூட்டினால் அவருடையது உங்களுக்கு வரும். வெப்பம் எங்கும் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. சிறுகோளில் எதிர்வீடு இல்லை. பெட்டியின் சூடு உங்கள் வீட்டுக்குள்ளேயேதான் தங்கும்.

ஆகவே அந்தச் சூட்டை வேலைசெய்ய வைக்க வேண்டும். அக்குவாட்யூனரை உருக்கு உலோகத்தால் கட்டி, நீர் நிரம்பிய ஒரு மூடிய காப்பறைக்குள் வைத்து, நீர் கொதித்து நீராவியானதும் மேலேயுள்ள நீராவிச் சுழலியை அதனால் ஓட்டுவதே அறியப்பட்ட தீர்வு. சுழலிக்கு 125 பாகைக்கு மேற்பட்ட நீராவி வேண்டும்; 200 பாகையில் அது 850 வாற்று வரை திருப்பித் தரும்; வெளியே வரும் நீர் 95 பாகையில் இருக்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் உருக்குக்குச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக்கு முட்டை ஓடோ உயிர்ச்சுவட்டுப் பாறையோ வேண்டும், முட்டைக்கு விலங்கு வளர்க்க வேண்டும். சுழலிக்குப் பிளாஸ்டிக் வேண்டும், பிளாஸ்டிக்குக்குப் பெற்றோலியம் வேண்டும், பெற்றோலியத்துக்குச் சூடான எண்ணெய்ப் பகுதிக்குள் பாதுகாப்பு உடையுடன் இறங்க வேண்டும். பயிர் வாடத் தொடங்கிய பிறகு இந்த வரிசையை ஆரம்பித்தால் முடிக்க முடியாது. பயிர் செழிப்பாக இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும் என்று எவரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் கைவிட்டார்கள். மீதிப் பேர் இந்த இடத்தை நினைத்துத்தான் இன்னும் ஆடுகிறார்கள். மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் தன் முதலாவது சுழலி சுற்றத் தொடங்கிய நாளில் இரவு இரண்டு மணிக்கு எல்லோருக்கும் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். வாழ்த்துச் சொன்னோம். அறைக்குள் நீர் போதாமல் நீராவி அழுத்தம் விழுந்து, மறுநாளே அது நின்றது என்பது வேறு கதை.

இதிலுள்ள விஞ்ஞானம் சரியானதா?

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எங்களுடன் ஆடுகிறார். 888, 112 என்ற எண்களைப் பார்த்த அன்றே அவர் இந்த விளையாட்டின் பக்தராகிவிட்டார். நீரின் திணிவில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஒட்சிசன், ஒரு பங்கு ஐதரசன் என்பதால் உண்மையில் ஒரு கிலோகிராம் நீரிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 889 கிராமும் 111 கிராமும். நீரின் தன்வெப்பக் கொள்ளளவாக விளையாட்டு வைத்திருக்கும் 4.179 என்ற பெறுமானமும் பாடப்புத்தகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒட்சிசனை நீரின் மின்பகுப்பால்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் விளையாட்டு வசதிக்காகப் பல இடங்களில் இயற்கையை வளைத்திருக்கிறது. ஒரு சதுரத்தில் ஒரு வாயு மட்டுமே இருக்கலாம் என்பது அதன் விதி. நிஜத்தில் வாயுக்கள் கலந்துவிடும், காபனீரொட்சைட்டு அப்படித் தனிக் குளமாக நிற்காது. நீர் ஆவியாகும்போது உறிஞ்ச வேண்டிய மறைவெப்பம் கணக்கில் இல்லை. ஐந்து கிலோகிராம் நீரை ஊற்றும் கழிப்பறையிலிருந்து 11.7 கிலோகிராம் கழிவுநீர் வெளிவருகிறது. மேலதிகமானது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பதே நாகரிகம். நிஜ மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோகிராம் ஒட்சிசன் போதும், டூப்புக்கோ அறுபது. நீராவிச் சுழலி வெப்பத்தை உண்மையிலேயே அழித்துவிடுகிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு அப்படியொரு வரம் கிடைக்கவில்லை, தன் மீதிவெப்பத்தை அது கடல்நீரில்தான் கொட்ட வேண்டியிருக்கிறது. ஆசிரியர் இந்தப் பட்டியலைத் தன் மாணவர்களிடம் கொடுத்து ‘எது எந்த விதியை மீறுகிறது’ என்று கேட்பாராம். விளையாட்டின் பிழைகள் அதன் சரிகளைவிட நன்றாகக் கற்பிக்கின்றன என்பது அவரது அபிப்பிராயம்.

வழிகாட்டிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஆடினால் சுவை கெட்டுவிடுமா?

இதில் எங்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. ஒரு தரப்பு, தானாகக் கண்டுபிடிக்காத தீர்வு தீர்வே அல்ல என்கிறது. மறுதரப்பு, இரண்டு பிள்ளைகளும் வேலையும் உள்ளவருக்கு எண்பது மணித்தியாலத் தோல்விக்குப் பிறகு ஞானம் பெற அவகாசமில்லை என்கிறது. எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது, ஆனாலும் ஒரு பரிந்துரை உண்டு: முதல் இரண்டு குடியேற்றங்களும் எதையும் பார்க்காமல் அழியட்டும். அதன் பிறகு பாருங்கள். தோற்ற பிறகு பார்க்கும் காணொளி ‘ஓ, இதனால்தானா’ என்று மண்டையில் இறங்கும். தோற்காமல் பார்ப்பது வெறும் வரைபடப் பிரதி. பிறர் வரைந்ததைக் கோட்டுக்குக் கோடு கட்டி முடித்தவர்களுக்கு அதில் ஒரு குழாய் அடைத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விளையாட்டை இயக்கும் மென்பொருளின் ஓட்டைகளைப் பயன்படுத்துவது வேறொரு பிணக்கு. வாசல் ஒன்றில் சில துளி திரவத்தை நிறுத்தி, ஆட்கள் கடக்கலாம் ஆனால் வாயு கடக்காது என்ற நிலையை உருவாக்குவதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரே சதுரத்துக்குள் கணக்கின்றி வாயுவை அமுக்கி வைப்பதைச் சிலர் தில்லுமுல்லு என்கிறார்கள். நான் செய்கிறேன், வெட்கத்தோடு.

வேலை முடிந்து வந்து ஆட ஏற்றதா?

ஆளைப் பொறுத்தது. மென்பொருள் பரிசோதனையில் வேலைசெய்யும் தோழி ஒருவர் முப்பது மணித்தியாலம் ஆடிவிட்டு நிறுத்தினார். ‘பகல் முழுவதும் வேறொருவர் கட்டியதில் எங்கே ஓட்டை என்று தேடுகிறேன், இரவில் நானே கட்டியதில் எங்கே ஓட்டை என்று தேட எனக்குச் சக்தியில்லை’ என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. விளையாட்டு மோசமென்று அவர் சொல்லவில்லை. அது வேலையைப் போலவே இருக்கிறது என்றார், அது உண்மைதான்.

கணக்காளர் நண்பருக்கோ அதுவே இளைப்பாறல். அலுவலகத்தில் அவர் கண்டுபிடிக்கும் பிழைகளை எவரும் திருத்துவதில்லை, இங்கே தானே திருத்தலாம் என்பார். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்ற காலத்தில் அவர் இதை ஆடுவதை விட்டிருந்தார். பற்றாக்குறையைப் பங்கிட்டுக் கொடுக்கும் விளையாட்டை, வாராந்தக் கோட்டாவுக்குக் காத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு ஆட மனம் வரவில்லையாம். நான் மாறாக அந்த ஆண்டில்தான் அதிகம் ஆடினேன். மின்சாரம் இருந்த நேரங்களில்.

ரிம்வேர்ல்ட், சர்வைவிங் மார்ஸ் ஆகியவற்றோடு ஒப்பிட்டால்?

மூன்றும் விண்வெளிக் குடியேற்ற விளையாட்டுகள் என்றாலும் மூன்றும் மூன்று வேறு பயங்களை விற்கின்றன. 2018 ஒக்டோபரில் முழுமையாக வெளியான ரிம்வேர்ல்ட் ஒரு கதைசொல்லி. கொள்ளையர், நோய், பைத்தியம் பிடித்த விலங்கு என்று எதை எப்போது அனுப்புவது என்பதை அதற்குள் இருக்கும் ‘கதைசொல்லி’ என்ற பொறியமைப்பே தீர்மானிக்கிறது. அங்கே துன்பம் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டும். தோற்றால்கூட சொல்வதற்கு ஒரு கதை மிஞ்சும் என்பதால் எங்கள் வட்டத்தில் அதற்குத்தான் இரசிகர்கள் அதிகம்.

பல்கேரியாவின் ஹேமிமொன்ட் கேம்ஸ் உருவாக்கி 2018 மார்ச்சில் வெளிவந்த சர்வைவிங் மார்ஸ், செவ்வாயில் கண்ணாடிக் குவிமாடங்களுக்குள் நகரம் கட்டுவது. தூசிப்புயலும் கடுங்குளிரும் விண்கல் மழையும் உண்டு, ஆனால் முதல் சில மணித்தியாலங்களைத் தாண்டிவிட்டால் மூச்சு விடலாம். அழகாக இருக்கிறது, இரண்டாம் தடவை ஆட ஆசை வருவதில்லை என்பதே பொதுவான முறைப்பாடு. நிதானமாகத் தொடங்க விரும்புகிறவருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

சாதாரண மடிக்கணினியில் ஓடுமா? மின்வெட்டு வந்தால் என்னவாகும்?

முதல் நூறு சுற்றுகள் எந்தச் சுமாரான கணினியிலும் ஓடும். பெரிய வரைகலை அட்டை தேவையில்லை, படங்கள் கையால் வரைந்த தட்டையான படங்கள்தான். சுமை வேறிடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு சதுரத்தின் வாயுவையும் வெப்பநிலையையும், ஒவ்வொரு டூப்பும் விலங்கும் போகும் வழியையும் கணினி இடைவிடாது கணக்கிடுகிறது. முந்நூறு, நானூறு சுற்றுகள் கடந்து பண்ணைகளில் விலங்குகள் பெருகியதும் ஆட்டம் தள்ளாடத் தொடங்கும். பழைய ஆட்டக்காரர்கள் அனைவரிடமும் உள்ள ஒரே பொதுவான குறை இதுதான், நியாயமான குறையும்கூட. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பணம் செலவழிக்கப் போகிறீர்களென்றால் வரைகலை அட்டையை விடுத்து நல்ல செயலியில் போடுங்கள். விலங்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும், தரையில் சிதறிக்கிடக்கும் பொருட்களைப் பெட்டிகளில் சேர்ப்பதும் கணிசமாக உதவும்.

மின்வெட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. அமைப்பை நீங்கள் மாற்றாதவரை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆட்டம் தானாகச் சேமிக்கப்படுவதால், அதிகபட்சம் ஒரு சுற்றின் உழைப்புத்தான் போகும்.

பிள்ளைகள் ஆடலாமா?

இரத்தமோ ஆபாசமோ இல்லை. வாந்தியும் சிறுநீரும் தாராளமாக உண்டு. பிள்ளைகளுக்கு அவையே பிடித்தமானவை. ஆனால் பத்து வயதுக்குக் குறைந்தவர் தனியே ஆடினால் சலித்துவிடும். கடுமையைக் குறைத்த ‘நோ ஸ்வெட்’ முறையும், எதையும் இலவசமாக வைத்துப் பார்க்கும் சோதனை முறையும் இருக்கின்றன. என் அக்காவின் மகனுக்குப் பதின்மூன்று வயது. அவன் சோதனை முறையில் எரிமலைக் குழம்பைக் கொண்டுவந்து குடியிருப்பின் மேல் ஊற்றிப் பார்ப்பதில் மட்டும் ஆர்வமாக இருந்தான். ‘மாமா, கண்ணாடி உருகுது, கல்லு ஏன் உருகேல்ல?’ என்று ஒருநாள் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

தமிழில் கிடைக்குமா?

இல்லை. ஆங்கிலத்தில் ஆட வேண்டியதுதான். வாசிக்க வேண்டியது நிறைய, நகைச்சுவையும் சொல் விளையாட்டும் அதில் கலந்திருக்கும். எங்களுக்குள் கதைக்கும்போது பாடசாலைத் தமிழ் தானாக வந்துவிடுகிறது. ‘மின்பகுப்பு அறையிலை ஐதரசன் ஏறீட்டுது’ என்று பேருந்தில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பக்கத்து ஆசனத்துக்காரரின் முகத்தைப் பார்த்து விளக்கமளிக்க நேர்ந்ததுண்டு.

விரிவாக்கப் பொதிகளும் வாங்க வேண்டுமா?

ஆரம்பத்தில் வேண்டாம். 2021 டிசம்பரில் முழுமையாக வெளிவந்த ‘ஸ்பேஸ்ட் அவுட்’ ஒரு பெரிய சிறுகோளைப் பல சிறிய சிறுகோள்களாகப் பிரித்து, அவற்றுக்கிடையே ரொக்கெட்டில் போக்குவரத்து நடத்த வைக்கிறது. முதன்மை விளையாட்டில் வெப்பத்தை வென்றவர்களுக்கு அது உண்மையான விருந்து. மற்றவர்களுக்கு, ஒரு வீட்டையே நடத்த முடியாதவரிடம் ஐந்து வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி. 2024 இல் வந்த பனிக்கோள் பொதியும் இயந்திர மனிதர் பொதியும் அளவில் சிறியவை. விலைக்கழிவில் வந்தால் பார்க்கலாம்.

இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையத்தளத்தில் இதன் விலை டொலரில்தான் குறிக்கப்படுகிறது. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் யோசிக்க வைக்கும் தொகைதான். கோடைகால, குளிர்கால விற்பனைகளில் கணிசமாக இறங்குவதால் அவசரமில்லாதவர்கள் காத்திருப்பது நல்லது. பிடிக்காவிட்டால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும்.

ஆனால் இந்த விளையாட்டைப் பொறுத்தவரை அந்த இரண்டு மணித்தியாலம் எதையும் காட்டாது. சாதாரண வேகத்தில் அது பன்னிரண்டு சுற்றுகள்தான். பன்னிரண்டாம் சுற்றில் எவருடைய குடியேற்றமும் நன்றாகத்தான் இருக்கும்: அல்கா குவிந்திருக்கும், காற்று குளிர்ச்சியாக இருக்கும், மூவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் மூன்றாம் வேகத்தில் ஓட்டி, வருகிற ஆட்களையெல்லாம் மறுக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பப் பெறும் நேரம் முடிவதற்குள் யாராவது ஒருவர் மூச்சுக்கு ஓடத் தொடங்குவார். அப்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அல்லது ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு தாளும் பேனையும் தேடுகிறீர்களா என்று பாருங்கள்.